கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிற்றூர் நூலகத்தின் நூற்பட்டியலை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும் வண்ணம் ஒரு பக்கம் அமைத்துக் கொடுக்கும் பணியை நான் ஏற்றிருந்தேன். பட்டியல் முழுவதும் ஏற்றி முடிந்து, பக்கமும் ஓடத் தொடங்கிய இரண்டாம் வாரத்தில், நூலகப் பொறுப்பாளர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, கொற்கையைப் பற்றி நம்மிடம் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. பட்டியலை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் இரண்டும் கண்ணில் படுகின்றன. ஆனால் கொற்கை என்று தேடினால் ஒன்றுதான் வருகிறது, மற்றது வரமாட்டேன் என்கிறது. கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன், மூன்று மாலைப் பொழுதுகள் பார்த்தேன். தேடும் வினவலில் தவறிருக்கும் என்று எண்ணி அதைத் திருத்தி எழுதினேன்; பழைய விடையையே சர்வர் எங்கோ சேமித்து வைத்துத் திருப்பித் தருகிறது என்று ஐயுற்று அதைத் துடைத்தேன்; தலைப்பின் முன்னும் பின்னும் வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கருதி அதையும் நீக்கினேன். பட்டியலில் அந்தத் தலைப்பு என் கண்முன்னே தெளிவாக நின்றது. தேடினால் மட்டும் அப்படி ஒரு நூலே இல்லை என்று தரவுத்தளம் சாதித்தது. அந்த மர்மம் எப்படி விடுபட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது சொல்ல வேண்டியது, அந்த மூன்று மாலைகளும் வீணானதற்குக் காரணம் என் அறியாமை அன்று, என் பழக்கமே என்பதுதான். நியாய சாஸ்திரக்காரர்கள் அறிவைப் பெறும் பிரமாணங்களை எண்ணும்போது பிரத்தியட்சத்தை முதலிலும் அனுமானத்தை அதற்கு அடுத்தும் வைத்தார்கள். புகையைக் கண்ணால் கண்ட பிறகே மலையில் நெருப்பை அனுமானிக்கலாம் என்பது அவர்கள் காட்டும் உதாரணம். நானோ புகையையே பாராமல் நெருப்பைத் தேடி மூன்று மலைகள் ஏறி இறங்கினேன். நிரல் எழுதும் தொழிலில் பிழை தேடுவோர் பலருக்கும் நேர்வது இதுவே.

இத்தொழிலின் ஆதி நாளிலேயே இந்த அனுபவம் தொடங்கிவிட்டது. கேம்பிரிட்ஜில் எட்சாக் என்னும் கணிப்பொறியை அமைத்த மாரிஸ் வில்க்ஸ், 1949-ஆம் ஆண்டில் தம் நிரலைத் திருத்திக்கொண்டிருந்த ஒரு நாள் மாடிப்படிகளில் ஏறிச் செல்கையில், இனித் தம் வாழ்நாளில் ஒரு நல்ல பங்கு தம்முடைய நிரல்களிலேயே பிழை தேடுவதில் கழியப் போகிறது என்ற உண்மை தமக்கு முழுமையாக உறைத்ததாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். எட்சாக்கில் பிழை தேடிய வில்க்ஸுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: இயந்திரம் செய்த ஒவ்வொரு காரியமும் அவர் எழுதிய ஒரு கட்டளைக்கு நேர்விளைவு. தரவுத்தளத்தோடு பழகும் இக்கால நிரலருக்கு அந்த சௌகரியம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1960-களில் பெருந்தொகையான தகவல்களைக் கணிப்பொறியில் சேர்த்து வைத்தவர்கள், ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் செல்லும் வழியையும் சேர்த்தே அமைத்தார்கள்; தகவல் வேண்டும் நிரலர் அந்த வழியறிந்து, திருப்பத்துக்குத் திருப்பம் தாமே நடந்து போய் எடுத்து வர வேண்டும். அம்முறையின் முன்னோடியாகிய சார்லஸ் பாக்மன் 1973-இல் கணிப்பொறித் துறைக்கான டூரிங் விருது பெற்றபோது, நிரலரை ஒரு மாலுமியாகவே உருவகித்துச் சொற்பொழிவாற்றினார். அதற்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே, கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர், 1970 ஜூன் மாதம் வெளியான ஒரு கட்டுரையில், இந்த மாலுமித்தனமே வேண்டாம் என்று எழுதிவிட்டார். தகவல்களை எல்லாம் வெறும் அட்டவணைகளாக வைத்துக்கொள்வோம். தனக்கு வேண்டியது எது என்று மட்டும் மனிதன் சொல்லட்டும், அதை எடுக்கும் வழியை இயந்திரம் தானே தேர்ந்துகொள்ளட்டும் என்பது அவருடைய சித்தாந்தத்தின் சாரம். அதற்கேற்ற மொழியை அதே கூடத்தைச் சேர்ந்த டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் வகுத்து, சீக்வெல் என்று பெயரிட்டார்கள். அப்பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகச் சின்னமாக இருந்ததால் அது பின்னர் எஸ்.க்யூ.எல். என்று குறுகிற்று. காட் 1981-இல் டூரிங் விருது பெற்றார். இன்று நாம் இணையத்தில் ரயில் பயணத்துக்கு இடம் பதிவு செய்தாலும், வங்கிக் கணக்கைப் பார்த்தாலும், திரைக்குப் பின்னே பெரும்பாலும் அந்த மொழியில்தான் ஒரு கேள்வி போகிறது. தொழிலில் இருப்போர் அதை க்வெரி என்பார்கள், தமிழில் வினவல்.

மனித முயற்சியை மிச்சப்படுத்திய மகத்தான கருத்து இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆயினும் எடுக்கும் வழியை இயந்திரத்தின் பொறுப்பில் விட்ட அந்தக் கணத்திலேயே, நாம் கேட்டதாக எண்ணுவதற்கும் இயந்திரம் செய்வதற்கும் இடையில் நம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடைவெளி உண்டாகிவிட்டது. இணைய நிரலாக்கம் வந்தபின் அது இரட்டிப்பாயிற்று, ஏனெனில் பி.எச்.பி. போன்ற ஒரு மொழியில் நிரல் எழுதுபவர், வினவலை நேராக எழுதுவதில்லை; வினவலை எழுதும் நிரலையே எழுதுகிறார். வாசகர் ஒருவர் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டிய பிறகு, நிரல் தன்னிடமுள்ள துண்டுகளோடு அச்சொல்லையும் கோத்து ஒரு வாக்கியம் ஆக்கி, தரவுத்தளத்துக்கு அனுப்புகிறது. அந்த வாக்கியத்தை நிரலர் பெரும்பாலும் ஒருநாளும் கண்ணால் பார்ப்பதே இல்லை. மனக்கண்ணில் இருக்கும் வாக்கியத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

ஆகையால் இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் நான் முதலில் வற்புறுத்துவது இந்த ஒரு பழக்கத்தையே: வினவல் தவறினால், நிரலைப் படிப்பதற்கு முன், தரவுத்தளத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்த வாக்கியத்தை அப்படியே வெளியில் எடுத்து அச்சிட்டுப் பாருங்கள். பிறகு அந்த வாக்கியத்தை, நிரலின் துணையின்றி, தரவுத்தளத்திடமே நேரில் கொடுத்துக் கேளுங்கள். அங்கும் தவறான விடை வந்தால் குற்றம் வினவலில். அங்கே சரியான விடை வந்து பக்கத்தில் மட்டும் தவறினால் குற்றம் நிரலில். ஐந்து நிமிஷ வேலைதான். தேட வேண்டிய காடு பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விடப்படாததால் இரு சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதும், மதிப்பு வர வேண்டிய இடம் வெறுமையாய்க் கிடப்பதும் அச்சிட்ட வாக்கியத்தில் பளிச்சென்று தெரியும். தரவுத்தளம் இலக்கணப் பிழை என்று ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டும்போது, அது காட்டுவது பிழை நிகழ்ந்த இடத்தை அன்று, மேற்கொண்டு பொருள் விளங்காமல் தான் நின்றுபோன இடத்தையே என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், அதற்குச் சற்று முன்னே பார்க்கத் தோன்றும்.

துண்டுகளைக் கோக்கும் இந்த வழக்கத்தில் பிழையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. முத்துக்குளித்துறைக் கரையில் போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து வழங்கும் டி'சூசா, டி'குரூஸ் முதலிய பெயர்களை எடுத்துக்கொள்வோம். எஸ்.க்யூ.எல். மொழியில் ஒரு பெயரை இரண்டு ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே வைப்பது முறை. டி'சூசா என்னும் வாசகர் தம் பெயரைத் தட்டியதும், பெயரின் இடையில் நிற்கும் குறியையே முடிவுக் குறியாகத் தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. 'டி' என்பது பெயராகி, சூசா என்பது திக்கற்று வெளியே நிற்கிறது. வினவல் உடைந்து போகிறது. குற்றமற்ற ஒரு மனிதரின் பெயர் வினவலை உடைக்க முடியுமானால், குற்றமனம் கொண்டவன் வேண்டுமென்றே ஒரு மேற்கோள் குறியைத் தட்டி, அதன் பின்னே 'அல்லது ஒன்றும் ஒன்றும் சமம்' என்ற பொருள்பட ஒரு தொடரைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமமே ஆதலால், நிபந்தனை எல்லாப் பதிவுகளுக்கும் பொருந்திவிடும். ஒருவருடைய விவரத்தைக் கேட்ட வினவல் அனைவருடைய விவரத்தையும் வாரிக்கொடுக்கும்.

இந்த உபாயம் ஃப்ராக் என்னும் மின்னிதழில் 1998 டிசம்பரிலேயே பகிரங்கமாக எழுதப்பட்டுவிட்டது. அதற்கு 17 ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் தொலைபேசி நிறுவனத்தில் இதே வழியாகப் புகுந்தவர்கள் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்துச் சென்றார்கள். அவற்றுள் 15,656 பேருடைய வங்கிக் கணக்கு விவரங்களும் அடங்கும். மறு ஆண்டு அந்நாட்டுத் தகவல் ஆணையர் 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தார். புகுந்த இடமோ, 2009-இல் அந்நிறுவனம் விலைக்கு வாங்கிய மற்றொரு நிறுவனத்தோடு வந்து சேர்ந்த சில பழைய இணையப் பக்கங்கள். அத்தகைய பக்கங்கள் இன்னும் திறந்து கிடக்கின்றன என்பதையே புதிய உரிமையாளர்கள் அறிந்திருக்கவில்லை.

பரிகாரம் எளியது. வினவலின் கட்டமைப்பை, மதிப்புகள் வர வேண்டிய இடங்களில் வெறும் கேள்விக்குறியிட்டு, தனியே அனுப்பிவிடுவது; வாசகர் தட்டியதை மதிப்பாக வேறாக அனுப்புவது. தரவுத்தளம் வாக்கியத்தின் இலக்கணத்தை முன்னமே படித்து முடித்துவிட்டபடியால், பின்னால் வரும் மதிப்பில் எத்தனை மேற்கோள் குறி இருந்தாலும் அது வெறும் எழுத்தே அன்றிக் கட்டளை ஆகாது. ஆயத்த வினவல் என்று இதைச் சொல்லலாம். பி.எச்.பி. மொழியில் பி.டி.ஓ. என்னும் கருவி 2005 முதல் இதற்கு வழி செய்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தோடு பேச உதவிய, இவ்வசதி இல்லாத பழைய செயற்கூறுகள் 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7-ஆம் பதிப்பிலிருந்து அடியோடு நீக்கப்பட்டன. இம்முறையில் முழு வாக்கியம் நிரலில் எங்கும் உருவாகாது என்பதால், அதைப் பார்க்க வேண்டுவோர் தரவுத்தள சர்வரின் பொதுப் பதிவேட்டை, அதாவது ஜெனரல் லாக் என்பதைச் சோதனைக் கணிப்பொறியில் சற்று நேரம் திறந்து வைத்தால் போதும்.

பிரத்தியட்சத்தை மறைக்கும் மற்றொரு பழக்கம், பிழைச் செய்திகளின் வாயை அடைப்பது. பி.எச்.பி.யில் ஒரு கட்டளைக்கு முன்னால் 'அட்' குறியை இட்டால் அது எழுப்பும் எச்சரிக்கை வெளியே வராது. பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பலர் இதைச் செய்தார்கள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் நெடுங்காலம் இந்த மௌனத்துக்கு உடந்தையாக இருந்தது: 20 எழுத்துக்கு இடமுள்ள புலத்தில் 30 எழுத்தைப் போட்டால், மிஞ்சிய 10-ஐ வெட்டி எறிந்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். 2015-இல் வந்த அதன் 5.7 பதிப்பிலிருந்துதான் இப்படிப்பட்ட பதிவை மறுத்துப் பிழை சொல்வது இயல்பான நடத்தை ஆயிற்று. பி.எச்.பி.யும் 2020-இல் வந்த 8.0 பதிப்பில் பி.டி.ஓ.வுக்கும், 2021-இல் வந்த 8.1 பதிப்பில் மைஎஸ்க்யூஎல்ஐ என்னும் மற்றொரு கருவிக்கும், தரவுத்தளப் பிழை நேர்ந்தால் ஓட்டத்தை நிறுத்தி உரக்கச் சொல்லும் தன்மையை இயல்பாக்கிற்று. பிழைச் செய்தி வாசகர் பார்க்கும் பக்கத்தில் வர வேண்டாம்; அது திருடனுக்கு வழிகாட்டும். ஆனால் நிரலர் பார்க்கும் பதிவேட்டில் அது வந்தே தீர வேண்டும்.

பிழைச் செய்தியே இல்லாத பிழைகளும் உண்டு. நூலகத்தில் 100 உறுப்பினர்கள். ஊர் மதுரை என்று பதிந்தவர் 40 பேர், வேறு ஊர் பதிந்தவர் 45 பேர், ஊரே பதியாதவர் 15 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஊர் மதுரையாக உள்ளவர் எத்தனை பேர் என்றால் 40 என்கிறது; மதுரையாக இல்லாதவர் எத்தனை பேர் என்றால் 45 என்கிறது. மிச்சம் 15 பேர் எங்கே? ஊர் பதியாத இடத்தில் தரவுத்தளம் 'நல்' என்ற குறியை வைத்திருக்கிறது. அதற்குப் பொருள் வெறுமை அன்று, தெரியாது என்பதே. தெரியாத ஊர் மதுரையா என்று கேட்டால் தெரியாது. மதுரை அல்லவா என்று கேட்டாலும் தெரியாது. உண்மை, பொய், தெரியாது என்று மூன்று விடை கொண்ட இந்தத் தர்க்கத்தில், உண்மை என்று உறுதிப்பட்ட பதிவுகளை மட்டுமே வினவல் திருப்பித் தருகிறது. தரவுத்தளம் நம்மைவிட நேர்மையாகப் பேசுகிறது என்றே நான் இதைக் கருதுகிறேன். கேட்பவர்தாம் அந்த 15 பேரையும் நினைவில் வைத்துக் கேட்க வேண்டும்.

விடை சரியாக வந்தும், வர நெடுநேரம் ஆகிறது என்பது வேறொரு வகைப் புகார். வழியைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு இயந்திரத்துடையது என்றோமே, அதை அது எப்படிச் செய்கிறது? ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிட்டு, மலிவான வழியில் செல்கிறது. பட்ரீஷியா செலிங்கரும் அவருடைய சகாக்களும் 1979-இல் ஐ.பி.எம். கூடத்திலிருந்து வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு மூலம். மலிவான வழி என்பது பெரும்பாலும் இண்டெக்ஸ் என்னும் சுட்டி வழியாகச் செல்வது. புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்றதுதான் அது. போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970-இல் வகுத்த பி-மரம் என்னும் அமைப்பில், ஒரு பக்கத்துக்கு 300 குறிப்புகள் அடங்குமானால், மூன்றே படிகளில் 2 கோடியே 70 லட்சம் பதிவுகளுள் ஒன்றைத் தொட்டுவிடலாம். சுட்டி இல்லையேல் அத்தனை பதிவையும் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும்.

சுட்டி இருந்தும் பயன்படாமல் போவதுதான் விசித்திரம். எங்கள் நூலகத்தின் இரவல் பதிவேட்டில் தேதிக்குச் சுட்டி போட்டிருந்தேன். '2015-ஆம் ஆண்டில் இரவல் போனவை' என்பதைக் கேட்க, தேதியிலிருந்து ஆண்டைப் பிரித்தெடுத்து, அது 2015 ஆனால் தருக என்று எழுதினேன். சுட்டியில் இருப்பதோ தேதிகள். நான் கேட்டதோ ஆண்டு. ஒவ்வொரு பதிவையும் எடுத்து ஆண்டைக் கணக்கிட்டுப் பார்ப்பதைத் தவிரத் தரவுத்தளத்துக்கு வேறு வழியில்லை. 2015 ஜனவரி 1 முதல், 2016 ஜனவரி 1-க்கு முன் வரை என்று அதையே மாற்றிக் கேட்டதும் சுட்டி கைகொடுத்தது. இதையும் ஊகத்தால் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வினவலுக்கு முன் எக்ஸ்ப்ளெய்ன் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், தான் செல்ல உத்தேசித்துள்ள வழியையும், எத்தனை பதிவுகளைப் புரட்ட நேரும் என்ற மதிப்பீட்டையும் தரவுத்தளமே வாய்திறந்து சொல்லிவிடும். கேட்டால் சொல்லக்கூடிய ஒன்றைக் கேளாமல் யூகித்துக்கொண்டிருப்பானேன்?

இனி கொற்கைக்கு வருகிறேன். நான்காம் நாள் மாலை, அனுமானங்களை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரே ஒரு காரியம் செய்தேன். இரண்டு நூல்களின் தலைப்பிலிருந்தும் கொற்கை என்ற சொல்லை மட்டும் தனியே எடுத்து, அது எத்தனை பைட்டு நீளம் என்று தரவுத்தளத்தையே கேட்டேன். தேடினால் கிடைத்த நூலில் 18 என்றது. கிடைக்காத நூலில் 21 என்றது. திரையில் இரண்டும் அணுவளவும் வேறுபாடின்றி நின்றன.

யூனிகோடு என்னும் எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறியும் யு.டி.எஃப்.-8 முறைப்படி 3 பைட்டு இடம் கொள்ளும். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை இரண்டு விதமாக எழுத யூனிகோடு இடம் தந்திருக்கிறது: ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ககரத்தின் முன்னே கொம்பும் பின்னே காலுமாகவே இரண்டையும் திரை வரைகிறது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி சொன்னாலும், எங்கள் தரவுத்தளம் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதற்கு 6 குறிகள் கொண்ட கொற்கை ஒரு சொல், 7 குறிகள் கொண்ட கொற்கை வேறு சொல். பட்டியலைத் தட்டச்சு செய்தவர் இருவர். அவர்கள் பயன்படுத்திய விசைப்பலகை மென்பொருள் இரண்டு. ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் வரும் தலைப்புகள் யாவும் இப்படியே இரு கூறாகப் பிரிந்து கிடந்தன. ஏற்றிய தலைப்புகள் அனைத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொணர்ந்து, தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றித் தேடும்படி திருத்தியதும், கொற்கை நூல்கள் இரண்டும் ஒருங்கே வந்து நின்றன.

தமிழில் நூற்பட்டியலோ, அகராதியோ, பெயர்ப் பதிவேடோ இணையத்தில் ஏற்றும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஒரு சொல்லைத் தரவுத்தளத்தில் இடுமுன்னும், ஒரு சொல்லைத் தேடுமுன்னும், என்.எஃப்.சி. என்னும் ஒருமை வடிவத்துக்கு அதை மாற்றிவிடுங்கள். பி.எச்.பி.யில் நார்மலைசர் என்ற பெயரில் அதற்கான கருவி இருக்கிறது. மாற்றுவதற்கு ஒரு வரிதான் எழுத வேண்டும்.